ஆளுக்கு ஒரு கட்டி

சென்ற மாதம் தானா ராத்தாவில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். ஒரு பக்கம் கூடாரம், சப்பாத்து, தலையில் மாட்டும் விளக்கு. இன்னொரு பக்கம் வெள்ளிக் காகிதப் பொட்டலங்களில் உலர்ந்த சாப்பாடு. வெந்நீர் ஊற்றினால் பிரியாணி, வெந்நீர் ஊற்றினால் மலாய்க்காரர்களின் ரெண்டாங் கறி. கடைக்காரப் பெண் யாரிடமோ என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, கூப்பிட்டு மாலை போட்டு, "கேமரன் மலையில் உலர் உணவின் முன்னோடி" என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் முன்னோடி இல்லை, மாட்டிக்கொண்டவன். அதை அங்கேயே சொன்னால் விழா கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அங்கிள், உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா. பிரேம் போட்டு மாட்டிடுறோம்" என்றார் அந்தப் பெண். இதோ எழுதிவிட்டேன். படித்த பிறகும் மாட்டுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர்க்காரன். கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து வரும். கடைசியில் துளை போட்ட தட்டுகளில் பரப்பி, விறகடுப்பின் சூடான காற்றில் காய வைப்பது என் வேலை. பதினெட்டு வயதில் உள்ளே போனேன். முதல் இரண்டு வருஷம் விறகு தள்ளினேன், அடுத்த மூன்று வருஷம் தட்டுக் கழுவினேன், அதற்கப்புறம்தான் சூட்டைப் பார்க்க விட்டார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதைப் பற்றி உருகி எழுத ஒன்றுமில்லை.

கேமரன் மலையில் எதையும் வெயிலில் காய வைக்க முடியாது. காலையில் பனி, மத்தியானம் மேகம், சாயந்திரம் மழை. துவைத்த சேலையே மூன்று நாள் கொடியில் தொங்கும். அப்படியிருக்க வடகம் எப்படிக் காயும்? தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் உளுந்தையும் வெங்காயத்தையும் அரைத்து உருட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். என் மனைவி பாக்கியம் வானத்தைத் திட்டவில்லை. என்னைத் திட்டினாள். "அவ்வளவு பெரிய அடுப்ப வச்சிக்கிட்டு ஊருக்கெல்லாம் டீ காய வைக்கிறீங்க. வீட்டுக்கு நாலு வடகம் காய வைக்க வக்கில்ல."

அதற்கப்புறம் சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து டிரையர் ஆறுகிற நேரத்தில், கடைசித் தட்டில் எங்கள் வீட்டு வடகம் ஏறியது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது. பிறகு லைனுக்கே தெரிந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு முன்னால், பதினாலு வீட்டு வடகம் தேயிலைக் கம்பெனியின் விறகில் காய்ந்துகொண்டிருந்தது.

தேயிலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை முதல் ஈடு இறங்கியதும் டீமேக்கர் ஐயா வழக்கம்போல் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, தொட்டியில் துப்பினார். பிறகு கேட்டார்: "எவன்டா இதுல ரசம் வச்சது?"

துரை வந்தார். எங்கள் எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை அவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். கெட்ட வார்த்தை பேச மாட்டார். தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார், நாய்க்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி 'வா', 'போ' என்று. கோபம் வந்தால் ஒரே ஒரு சொல்தான் வரும்: 'இண்ட்ரஸ்டிங்.' அந்தச் சொல்லைக் கேட்ட பலபேர் அடுத்த வாரம் வேறு எஸ்டேட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. காடு. மாதம் ஒருமுறை மேல் தோட்டத்து வேலியைத் தாண்டி மலைக்காட்டுக்குள் போய்விடுவார். போவதைவிட, பாரமில்லாமல் போவதுதான் அவருக்கு முக்கியம். இடுப்பில் ஒரு வில் தராசு தொங்கும். கையில் கிடைத்ததையெல்லாம் அதில் மாட்டி நிறுப்பார். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்திருந்தார். வரைபடத்தில் கடல் இருந்த பகுதியைக் கத்தரித்து எறிந்திருந்தார். சட்டையில் தேவையில்லாத பொத்தான்களைப் பிய்த்துவிட்டார். இவ்வளவும் செய்துவிட்டு அவர் தோளில் ஏற்றுவது ஒரு கேமராவும் ஒரு தண்ணீர்ப் புட்டியும். கூடாரம், கம்பளி, பிராந்தி, கான்வாஸ் நாற்காலி எல்லாம் சுமப்பது என் மச்சினன் செல்லையா. அவன் முதுகில் இருப்பதற்குத் தராசு வேலை செய்யாது.

செல்லையா பாக்கியத்தின் தம்பி. வெளிக்காட்டு வேலை செய்துகொண்டிருந்தவனைத் துரையின் சுமை ஆளாகச் சேர்த்துவிட்டது நான்தான். "காத்தோட்டமான வேல மாப்புள" என்று சொல்லித்தான் சேர்த்தேன்.

அன்று துரை அந்த டீயை முகர்ந்தார். தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வடகத்தைப் பிய்த்து எடுத்தார். கடித்தார். தராசில் மாட்டி நிறுத்தார். முள் அசையவே இல்லை.

"இண்ட்ரஸ்டிங்" என்றார்.

நான் மனதுக்குள் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ராமையா, நீ கறியும் இப்பிடிக் காய வைப்பியா?"

முன்னோடி பிறந்த கதை இதுதான். வாசனை பிடித்த தேயிலையை வெளியே விற்க முடியாது என்று தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் டீத்தூளில் கலந்துவிட்டார்கள். அந்த மாதம் லைன் முழுக்கப் பெருங்காய டீ. பெண்கள் குடித்துப் பார்த்து, இது யார் வீட்டு வடகம் என்று பந்தயம் கட்டினார்கள்.

காய வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய இயந்திரக்காரர்களுக்குப் பயன்படாவிட்டாலும் பொழுது போகும். சோற்றைக் குழையாமல் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒட்டாமல் உதிர்த்து, மெல்லிய துணி விரித்த தட்டில் ஒரு பருக்கைக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தேயிலைக்கு இருநூறு டிகிரி பாரன்ஹீட் என்றால் சோற்றுக்கு நூற்றி நாற்பது போதும். அடுப்புக் கதவைப் பாதி திறந்து வைத்துச் சூட்டை இறக்குவேன். புறங்கையைக் காட்டினால் சுட வேண்டும், ஆனால் இழுத்துக்கொள்ளத் தோன்றக்கூடாது. ஆறு மணி நேரத்தில் பருக்கை சுருங்கி, தகரத்தில் போட்டால் மணல் மாதிரி சத்தம் போடும். பருப்பை வேக வைத்து மசித்து எண்ணெய் தடவிய தட்டில் பூசிவிட்டால் சருகாக உரிந்து வரும். லெம்பா பெர்த்தாம் தோட்டத்து முட்டைக்கோசும் கோலா தெர்லா பக்கத்துக் கேரட்டும் உப்பு வெந்நீரில் ஒரு கொதி போட்டு எடுத்தால் நிறம் போகாது. ஆட்டுக்கறியில் கொழுப்பு ஒரு துணுக்குக்கூட இருக்கக்கூடாது, சிக்கு வாடை வந்துவிடும். தேங்காய் கூடவே கூடாது. தேங்காய் இல்லாமல் கறியா என்று பாக்கியம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சாம்பாரைத்தான் நான் பெருமையாகச் செய்தேன். பருப்புச் சருகு, காய், புளி, பொடி எல்லாம் சேர்த்து இடித்து, டீ ருசி பார்க்கும் கோப்பையில் போட்டு அமுக்கி, கவிழ்த்துக் காய வைத்தேன். சவர்க்காரக் கட்டி அளவுக்கு வந்தது. இரண்டு அவுன்ஸ். வெந்நீரில் போட்டால் நாலு பேருக்குக் குழம்பு. துரை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிளப்பில் எல்லாருக்கும் காட்டினார். "ஒரு மனுசன் சாப்பாடு, கைக்குள்ள!" என்று என்னிடமே சொன்னார். அது குழம்பு மட்டும்தான், சோறு தனி என்று நான் திருத்தவில்லை. துரை சந்தோஷமாக இருக்கும்போது திருத்துகிற பழக்கம் எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் கிடையாது.

ஐந்தாறு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் நாட்டில் நிறுவை மாறியது. நாங்கள் கடையில் அரிசியும் மீனும் வாங்கியதெல்லாம் கட்டிக் கணக்கில். ஒரு கட்டி என்றால் அறுநூறு கிராமும் சில்லறையும். இனிமேல் கிலோதான் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் நாக்குக்கு அது தெரியவில்லை. ஆனால் எங்கள் ஸ்டோர்க் கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணிக்கு நன்றாகத் தெரியும். ஈப்போவில் படித்த பையன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பான்.

அந்த வருஷம் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். அவரையும் அவர் நண்பரையும் அழைத்துக்கொண்டு துரை ஐந்து நாள் காட்டுக்குள் நடப்பதாக ஏற்பாடு. மேல் தோட்டத்தில் நுழைந்து, மலை முகட்டைத் தாண்டி, கம்போங் ராஜா ரோட்டில் வெளியே வர வேண்டும். துரைமார் மூன்று பேர், சுமை ஆட்கள் மூன்று பேர். செல்லையாதான் அவர்களுக்குத் தலைவன்.

நான் சோறு, பருப்பு, காய், கறி எல்லாவற்றையும் கலந்து முப்பது கட்டி எடைக்குச் சாக்கில் கட்டி ஸ்டோரில் வைத்தேன். சாம்பார்க் கட்டிகளைத் தனியாக ஒரு தகர டின்னில் வைத்தேன். புறப்படும் அன்று எனக்கு டிரையரில் வேலை. அதனால் கிராணிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தேன்: 'சாப்பாடு: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டி. ஆறு பேர், ஐந்து நாள்.'

கிராணி சீட்டைப் படித்தான். டின்னைத் திறந்தான். உள்ளே கட்டிகள். ஆறைந்து முப்பது என்று பெருக்கினான், எண்ணினான், பையில் போட்டான். அரசாங்கம் ஒழித்துவிட்ட ஒரு நிறுவை அவன் நினைவுக்கு ஏன் வரப்போகிறது?

வாசலில் நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். செல்லையா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிராணி, இது பத்தாது லா. பை காத்தாட்டம் இருக்கு" என்றிருக்கிறான்.

"ஒனக்கு என்னா தெரியும்? இது சயின்ஸ். துரையே சொல்லிருக்காரு, ஒரு கட்டி ஒரு ஆளு சாப்பாடுன்னு."

துரை தராசை மாட்டினார். ஆறு பேருக்கு ஐந்து நாள் சாப்பாடு நாலு ராத்தலுக்கும் குறைவு. டைரக்டர் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டாராம். படித்தவர்கள் மூன்று பேர், கணக்குத் தெரிந்த கிராணி ஒருவன். அந்த இடத்தில் சந்தேகப்பட்டவன் மூன்றாம் வகுப்போடு நின்ற செல்லையா ஒருவன்தான். துரை முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் பேசாமல் நடந்துவிட்டான்.

மறுநாள் காலை விறகுக் கணக்குச் சொல்ல ஸ்டோருக்குப் போனேன். நான் கட்டிய சாக்கு கட்டின இடத்திலேயே நின்றது.

"கிராணி, சாப்பாட்ட ஏன் அனுப்பல?"

"அனுப்பியாச்சே. முப்பது கட்டி."

"அது கொழம்புடா! நான் சொன்னது நிறுவை!"

"நிறுவையா? கட்டின்னு ஒரு நிறுவையே இப்ப இல்லண்ணே" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது. நல்ல பையன்தான், உடனே புரிந்துகொண்டான். ஆனால் நான் சாக்கில் கை வைத்ததும் குறுக்கே வந்து நின்றான். "துரை கையெழுத்து இல்லாம ஸ்டோர் சாமான் வெளிய போக முடியாதுண்ணே."

"துரை காட்டுல பட்டினி கெடக்காருடா."

"அவரு வந்து கையெழுத்துப் போட்டதும் எடுத்துட்டுப் போங்க."

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அவனை அறைந்துவிட்டேன். சாக்கில் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எரிகிற டிரையரை விட்டுவிட்டுச் சொல்லாமல் போனால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும் என்று எனக்குத் தெரியும். வழியில் பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "என் தம்பி பசி தாங்க மாட்டான்ங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காய்கறி லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு கம்போங் ராஜா போனேன். அவர்கள் வெளியே வரும் வாயிலிலிருந்து எதிரே போவதுதான் என் யோசனை. அங்கே சந்தைக்குத் தேன் கொண்டுவரும் அஸ்லி பழங்குடிப் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொல்லி, டின்னில் மிஞ்சியதில் எடுத்து வந்த ஒரு சாம்பார்க் கட்டியையும் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார்.

"சாபுன்?" என்று கேட்டார். சவர்க்காரமா என்று.

"மக்கான்" என்றேன். சாப்பாடு.

ஆறு பேர் ஐந்து நாளுக்கு இதையா தின்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அவர்களைக் கண்டது நாலாம் நாள் காலை, ஒரு ஓடைக் கரையில். துரை கான்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டைரக்டரும் நண்பரும் பாறையில். அவர்கள் முகம் வாடியிருந்ததே தவிர ஆள் தளரவில்லை; டைரக்டரின் பையில் ஒரு டின் பிஸ்கட் இருந்திருக்கிறது. சுமை ஆட்களிடம் அது இல்லை. துரை நியாயமானவர், கட்டியைப் பொறுத்தவரை ஆறு பேருக்கும் சமமாகத்தான் கொடுத்தாராம். மூன்று நாளும் ஆளுக்கு ஒரு கட்டி புளிக்குழம்பு, அதை ஊற்றிப் பிசைய ஒரு பருக்கைச் சோறில்லை. செல்லையா முந்தின நாள் மலை இறக்கத்தில் கண் இருட்டி விழுந்து, நாற்காலியோடு உருண்டிருக்கிறான். தோள் இறங்கிவிட்டது. நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மண்ணில் படுத்துக் கிடந்தான்.

"ஆ, ராமையா" என்றார் துரை. "இண்ட்ரஸ்டிங்."

நான் அவரைப் பார்க்கவில்லை. செல்லையா கண்ணைத் திறந்து, "மச்சான், சோறு இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. கல் மாதிரி இருந்தது. தண்ணீர் கொதிக்க வேண்டும், கொதித்ததும் ஊற்றி மூட வேண்டும், மூடிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெறும் வயிற்றில் போய்க் கடுக்கும். இந்த முறையைக் கண்டுபிடித்தவனே நான்தான். அந்தக் கால் மணி நேரம் செல்லையா பானை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முப்பத்தைந்து வருஷ வேலையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. நான் அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சோறு ஊறியது. மூடியைத் திறந்தேன், முதல் தட்டை நிரப்பினேன். நிரப்பி, டைரக்டரிடம் நீட்டினேன். இரண்டாவதைத் துரையிடம். மூன்றாவதை அந்த நண்பரிடம். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. நாலாவது தட்டு நிரம்பும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதைச் செல்லையாவுக்கு ஊட்டினேன். இன்றுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, நான் மட்டும்தான்.

அடுத்த வாரம் விசாரணை. ஆபீஸில் துரை, கிராணி, நான். தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு செல்லையா. மேசையில் என் துண்டுச் சீட்டு. துரைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கிராணி படித்து ஆங்கிலத்தில் சொன்னான். அடி வாங்கியவன், என்னைக் காட்டிக் கொடுப்பான் என்று நினைத்தேன். அவன் 'ஆளுக்கு ஒரு கட்டி' என்பதைச் சாம்பார்க் கட்டி என்கிற அர்த்தத்திலேயே மொழிபெயர்த்தான். துரை முகம் மலர்ந்தது. அவர் கிளப்பில் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே. ஆக யாரும் தப்புச் செய்யவில்லை. நான் ஒழுங்காக எழுதினேன், கிராணி ஒழுங்காக எண்ணினான், துரை ஒழுங்காக நடந்தார். ஒழுங்கில்லாமல் விழுந்தவன் செல்லையா ஒருவன். நான் டிரையரை விட்டுப் போனதும் மன்னிக்கப்பட்டது, டைரக்டர் என் சோற்றைப் புகழ்ந்திருந்ததால்.

அதோடு விட்டிருக்கலாம். துரை பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஆறு பேர், மூணு நாள், யாரும் சாகல. முன்ன நாம ரொம்ப அதிகமா அனுப்பிட்டோம். இனிமே சுமை ஆளுங்களுக்கு ஒரு கட்டி. துரைமாருக்குக் கூட பிஸ்கட் வைக்கலாம். போதும்ல, ராமையா?"

செல்லையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த நாற்காலியை நீங்களே ஒரு நாள் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள் என்பது அதில் மரியாதையான வாக்கியம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "போதும்ங்க துரை."

வெளியே வந்ததும் செல்லையா என்னைத் திரும்பிப் பார்க்காமல் லைனுக்கு நடந்துவிட்டான். மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பாக்கியம் நான் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினாள்.

தோள் சரியானதும் அவனை மறுபடி சுமைக்குக் கூப்பிட்டார்கள். அந்த முறை நான் டிரையரை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு ஸ்டோருக்கு நானே போனேன். சீட்டில் உத்தரவுப்படி எழுதினேன்: 'சுமை ஆள்: ஆளுக்கு ஒரு கட்டி.' கிராணியிடம் நீட்டினேன். அவன் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கட்டித் தராசை இழுத்து வந்து நடுவில் வைத்தான்.

இருவரும் சேர்ந்து உலர்ந்த சோற்றையும் கறியையும் பழைய கட்டிக் கணக்கில் நிறுத்தோம். நிறுத்ததைக் கூடாரத்துக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டினோம். வாசலில் துரை சாப்பாட்டுப் பையைத் தராசில் மாட்டித் திருப்தியாகத் தலையாட்டினார்.

செல்லையா என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து கூடாரத்தைத் தோளில் ஏற்றினான். ஏற்றியவன் நின்றான். இறக்கி, மறுபடி ஒருமுறை தூக்கிப் பார்த்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ரொம்பக் கனம் மச்சான்" என்று சொல்லிச் சிரித்தான்.